டாஃப்னியா மாசைச் சிதைக்கிறதா, சேர்த்து வைக்கிறதா?

குளக்கரை: கப்பி மீன் குஞ்சுகளுக்கு இரையாக மொட்டைமாடித் தொட்டியில் டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்த்தெள்ளுகளை வளர்க்கிறேன். பாசி படர்ந்த பச்சை நீரை இரண்டே நாளில் தெளிய வைத்துவிடுகின்றன. பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கிறது. நீரில் கரைந்த மருந்துகளையும் நீக்குமா?

சேற்றுமணம்: நீக்கும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் ஏரிச் சேற்றில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்த டாஃப்னியா முட்டைகளைப் பொரிக்க வைத்து, மாசைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவு: நீரில் வலி மருந்தான டைக்ளோஃபினாக் சுமார் 90%, ஆர்செனிக் 60%, களைக்கொல்லியான அட்ரசின் 59%, எளிதில் சிதையாத தொழிற்சாலை வேதிப்பொருளான பிஎஃப்ஓஎஸ் 50% குறைந்தன. அந்த முட்டைகளின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

குளக்கரை: ஆர்செனிக் தனிமம் ஆயிற்றே, அதை எப்படிச் சிதைக்க முடியும்?

சேற்றுமணம்: சிதைக்காது, உடலில் சேர்த்துக்கொள்ளும். பிஎஃப்ஓஎஸ் கூட அப்படித்தான். மருந்து மூலக்கூறுகள் சிலவற்றைத்தான் சைட்டோகுரோம் பி450 போன்ற நொதிகள் மாற்றுகின்றன.

வாய்க்கால்மேடு: அப்படியானால் மாசு நீரில் வளர்ந்ததை மீனுக்குப் போடாதீர்கள்; நஞ்சு அப்படியே மீனுக்குள் போய்விடும். பூச்சிக்கொல்லி மிகச் சிறிதளவு கலந்தாலே டாஃப்னியா செத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குளக்கரை: நாளை வயல் வாய்க்கால் நீரை ஊற்றுவதாக இருந்தேன். நிறுத்திவிட்டேன். கிணற்று நீரே இருக்கட்டும்.