எமுலேஷனுக்கு ‘நிகர்ப்பு’ என்று வைக்கலாமா?

அன்புடையீர், வணக்கம். கணினிப் பிணையங்களை (network) ஆராயவும் சோதிக்கவும் உதவும் சிமுலேஷன் (simulation), எமுலேஷன் (emulation) இரண்டுக்கும் தமிழ்க் கலைச்சொல் பற்றிக் குழுவில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> சிமுலேஷன், எமுலேஷன் இரண்டுக்கும் ‘பாவனை’ என்ற ஒரே சொல் போதாதா?

போதாது. சிமுலேஷனில் பிணையமும் அதில் ஓடும் நிரலும் பெரும்பாலும் கணக்கீட்டு மாதிரிகளே; கடிகாரம்கூடக் கற்பனைதான். பத்து விநாடி நிகழ்வைக் கணக்கிட என்எஸ்-3 (ns-3) என்ற சிமுலேஷன் மென்பொருள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் விடை மாறாது. எமுலேஷனில் ஓடுவது நாம் எழுதிய அசல் நிரல். அது பேசுவதும் இயங்குதளத்தின் அசல் டிசிபியோடுதான் (TCP, தரவைப் பிணையத்தில் அனுப்பும் நெறிமுறை). நடுவிலுள்ள கம்பி மட்டுமே புனைவு. லினக்ஸின் நெட்எம் (netem) என்ற கருவி அந்தக் கம்பியில் தாமதத்தைக் கூட்டும், தரவுப் பொட்டலங்களைத் தொலைக்கும், வரிசையைக் குலைக்கும். ஆனால் நேரம் உண்மை நேரம். கணினி திணறினால் அளவீடும் கெட்டுவிடும்.

பல கணினிகள் வாக்களித்துத் தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும் ராஃப்ட் (Raft) நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைத் தேர்தலுக்கான காத்திருப்பு 150 முதல் 300 மில்லி விநாடி என்று வைத்துவிட்டு, நெட்எம் வழியே ஒவ்வொரு திசையிலும் 200 மில்லி விநாடி தாமதம் கொடுத்தால், வாக்குகள் திரும்பிவர 400 ஆகும். அதற்குள் வேட்பாளர் அடுத்த தேர்தலைத் தொடங்கிவிடும். தலைமை அமையவே அமையாது. மாதிரியை எழுதியவர் அந்தக் காத்திருப்பைச் சேர்க்க மறந்திருந்தால் சிமுலேஷனில் இந்தப் பிழை தலைகாட்டாது. எமுலேஷனில் மறக்க வழியில்லை, ஓடுவது அசல் நிரல் அல்லவா!

‘பாவனை’யில் இன்னொரு சிக்கல்: இலங்கையில் அதற்குப் பயன்பாடு என்று பொருள். ‘பிணையப் பாவனை’ என்றால் அங்குள்ளவர்கள் பிணையத்தைப் பயன்படுத்துவதாகவே கொள்வார்கள். சிமுலேஷனுக்கு ‘ஒப்புருவாக்கம்’ இருக்கட்டும். எமுலேஷனுக்கு ‘நிகர்ப்பு’ என்பது என் பரிந்துரை. ‘நிகர்த்தல்’ நம்மிடம் பழைய வினை. “இந்தக் கருவி செயற்கைக்கோள் இணைப்பை நிகர்க்கிறது” என்று ஒட்டுப்போடாமல் எழுத முடிகிறது. கருவி ‘பிணைய நிகர்ப்பி’. வினையாக ஓடாத கலைச்சொல் அகராதியிலேயே தங்கிவிடும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

> ‘மெய்நிகர்’ (virtual) ஏற்கெனவே இருக்கிறதே, குழப்பாதா?

யோசித்தேன். ‘மெய்நிகர்’ எப்போதும் அடையாக முன்னால் வருகிறது: மெய்நிகர் கணினி, மெய்நிகர் பிணையம். ‘நிகர்ப்பு’ செயலின் பெயர். மினிநெட் (Mininet) என்ற எமுலேஷன் மென்பொருள் மெய்நிகர் கணுக்களைக் (node) கொண்டு ஒரு பிணையத்தை நிகர்க்கிறது என்று ஒரே வரியில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன், இடறவில்லை.

பழைய விளையாட்டுக் கருவிகளின் எமுலேட்டருக்கும் இது பொருந்தும். அது பழைய சில்லை நிகர்க்கிறது. அந்தச் சில்லுக்கென எழுதிய நிரல் மாறாமல் ஓடுகிறது. எமுலேட்டருக்குப் ‘போன்மி’ என்று குழுவில் முன்மொழிந்தவர் அதன் வினைவடிவத்தையும் எழுதினால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.