வாடகை பாக்கி நோட்டீஸ், குடியிருப்பவருக்கு பைபோலார்: நோய் ஒரு காரணமாக நிற்குமா?

நிலவேம்பு (கேள்வி):

வணக்கம். சமூகப் பணியாளராக ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஒரு வாடகை வீடு. குடியிருப்பவர் தனியாக வாழும் பெண், வயது 38, பைபோலார் பாதிப்பு (மிகை உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்). மாத வாடகை 9,000. ஐந்து மாதமாகக் கட்டவில்லை, ஆக பாக்கி 45,000. அட்வான்ஸ் 27,000 வீட்டுக்காரரிடம் இருக்கிறது. பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டார்கள். அது முடிந்து ஒரு வருடம் ஆகிறது, புதுப்பிக்கவே இல்லை.

இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. கவரைப் பிரிக்காமலே கரன்ட் பில், மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து டிவி மேல் போட்டு வைத்திருந்தார். அண்ணன் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

நோயைக் காரணம் காட்டி வெளியேற்றத்தை நிறுத்த முடியுமா? அண்ணன் அவருக்காகக் கையெழுத்துப் போடலாமா? அட்வான்ஸைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா? "ஃபியூஸைப் பிடுங்கிவிடுவேன்" என்று வீட்டுக்காரர் மிரட்டவும் செய்கிறாராம்.

கறுப்புக்கோட்டு:

மேடம், நோயைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைக் கண்டுபிடியுங்கள். கவர் மேல் ஸ்பீட் போஸ்ட் எண் இருக்கும். அதைத் தபால் துறை தளத்தில் போட்டால் டெலிவரி தேதி தெரியும். கவரைப் பிரித்த தேதிக்கு மதிப்பில்லை. "டோர் லாக்டு", "அன்கிளெய்ம்டு" என்று திரும்பிப் போயிருந்தாலும், விலாசம் சரியாக இருந்தால் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தேதியில் அவர் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்திருந்தால் மட்டும் கதை மாறும். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரிதான் சாட்சி.

ஏன் தேதியிலேயே நிற்கிறேன் என்றால், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளுக்கு இப்போது பொருந்துவது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன் 21(2)(b) பிரிவுப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, கேட்பு நோட்டீஸ் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் வெளியேற்றக் கேட்கலாம். அதே ஒரு மாதத்துக்குள் வட்டி உட்பட எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கட்டிவிட்டால், அல்லது வாடகை நீதிமன்றத்தில் டெபாசிட் செய்துவிட்டால், அந்தக் காரணத்தை வைத்து வெளியேற்ற உத்தரவு போட முடியாது. ஆனால் இந்தச் சலுகையை அடிக்கடி எதிர்பார்க்க வேண்டாம். ஒருமுறை தப்பித்தபின் வரும் ஏதாவது ஒரு வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் மறுபடி கிடைக்காது.

நோய் விஷயம். 1960-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் "வேண்டுமென்றே கட்டாமல் விட்டார்" என்று காட்ட வேண்டியிருந்தது. படுக்கையை விட்டே எழ முடியாத மனச்சோர்வில் இருந்தவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று வாதாட அங்கே இடம் இருந்தது. புதுச் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. பணம் கட்டினாரா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அதனால் மெடிக்கல் சர்டிஃபிகேட்டை மட்டும் நம்பி அந்த ஒரு மாதத்தை வீணாக்குவதுதான் இந்த மாதிரி கேஸ்களில் நடக்கும் பெரிய தவறு.

பணம் கட்டும்போது கவனிக்க:

பாதிப் பணம் போதாது. 45,000-இல் 40,000 கட்டினால் சட்டத்தின் கண்ணில் கட்டாததுதான். அட்வான்ஸும் தானாகக் கழியாது. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால்தான் உண்டு, வாய்ச்சொல் வேண்டாம். வட்டி அக்ரிமென்டிலேயே இல்லை, நோட்டீஸில் கேட்கிறார்கள் என்றால் அதையும் சேர்த்தே கட்டிவிட்டு, "ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று கடிதம் எழுதுங்கள். வட்டியைப் பிறகு பேசிக்கொள்ளலாம், தவறிய மாதம் திரும்பாது. தண்ணீர், பராமரிப்புக் கட்டணங்கள் நிலுவையில் இருந்தால் அவையும் கணக்கில் வரும்.

பணத்தை யார் கட்டினாலும் சரி, அண்ணன் கணக்கிலிருந்தே போகலாம். குறிப்பில் தங்கையின் பெயரும் எந்தெந்த மாத வாடகை என்பதும் இருக்கட்டும். ரொக்கமாகக் கொடுக்கவே வேண்டாம். வாங்க மறுத்தால் காத்திருக்காமல் வாடகை நீதிமன்றத்தில் டெபாசிட் மனு போடுங்கள்.

தாழ்வாரம்:

கறுப்புக்கோட்டு சார் சொன்னதோடு மனநலச் சட்டம் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

அண்ணன் கையெழுத்து: போட முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் "நியமனப் பிரதிநிதி" என்று ஒருவரை வைக்கலாம். அது சிகிச்சைக்கு மட்டும்தான், வீடு, பணம், வழக்கு எதற்கும் செல்லாது. ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தில் பெயர் இருப்பதால் எல்லாவற்றுக்கும் அதிகாரம் வந்துவிட்டதாகக் குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. பவர் பத்திரம் வேண்டுமென்றால் அவர் தெளிவாக இருக்கும்போது எழுதித் தரலாம். ஆனால் எழுதியவர் பின்னர் சித்த சுவாதீனம் இழந்தால் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி அந்தப் பவர் முடிந்துபோகும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும் பத்திரம் அது.

இன்னொன்று முக்கியம். பைபோலார் என்று சீட்டில் எழுதியிருப்பதாலேயே அவர் "சித்த சுவாதீனம் இல்லாதவர்" ஆகிவிட மாட்டார். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3(5) இதைத் தெளிவாகச் சொல்கிறது: தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால்தான் உண்டு. வாடகைக் கேஸில் தப்பிக்க அவசரப்பட்டு அந்த முத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். பேங்க் கணக்கு, குடும்ப வழக்கு என்று எங்கெல்லாம் அது திரும்ப வரும் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது நோயின் முழு வரலாறு அல்ல. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை கடும் மனச்சோர்வு நிலையில் சிகிச்சையில் இருந்தார், அக்காலத்தில் கடிதப் போக்குவரத்தையும் பண விவகாரங்களையும் கவனிக்கும் நிலையில் இல்லை" என்று மூன்று வரி போதும். பழைய பதிவுகளைக் கேட்டுப் பெற அதே மனநலச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தில் நோயின் பெயரே வேண்டாம், "உடல்நலக் காரணம்" என்பதோடு நிறுத்துங்கள்.

அந்தச் சர்டிஃபிகேட் எங்கே உதவும்? சம்மன் வந்தும் போகாமல் எக்ஸ்பார்ட்டி உத்தரவு (ஒரு தரப்பை மட்டும் கேட்டுப் போடும் உத்தரவு) ஆகிவிட்டால், அதை ரத்து செய்யவும் தாமதத்தை மன்னிக்கவும் கேட்கும் மனுவில் உதவும். வழக்கு நடக்கும்போது தன் நலனைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 32 விதி 15-ஐக் காட்டி, அந்த வழக்குக்கு மட்டும் ஒரு காப்பாளரை நியமிக்கக் கேட்கலாம். அண்ணன் சட்டப்படி உள்ளே வரும் வழி இதுதான். அப்படி வந்தபின் சமரசம் பேசினால் நீதிமன்ற அனுமதியோடுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவில் பெண் என்பதாலேயே இலவச உதவிக்குத் தகுதி உண்டு, வருமான வரம்பு கிடையாது, ஊனச் சான்றும் தேவையில்லை. 15100-க்குப் போன் செய்யலாம். அவருடைய நிலை மோசமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416.

சாவிக்கொத்து:

வீட்டு உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் தயாரிக்கும் பக்கம் நான். இரண்டு பேரும் தொடாத ஒரு குழி இருக்கிறது.

அக்ரிமென்ட் முடிந்து புதுப்பிக்கவில்லை என்றீர்கள். அதே வாடகைச் சட்டத்தில் 21(2)(a) என்று வெளியேற்றத் தனி வழி ஒன்று உண்டு: சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியது. பாக்கியை நயா பைசா வரை தீர்த்தாலும், விவரம் தெரிந்த வக்கீல் அடுத்த மாதம் இந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போடுவார். ஆகவே பணம் அனுப்பும் அதே கடிதத்தில் "புது ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யத் தயார், வரைவை அனுப்புங்கள்" என்று ஒரு பத்தி சேருங்கள். யார் தவறினார்கள் என்ற கேள்வி பிறகு எழும்போது அந்தப் பத்திதான் பேசும்.

ஃபியூஸ் விஷயம்: தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதை இந்தச் சட்டமே தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு போட்டால் உடனே திருப்பித் தர இடைக்கால உத்தரவு வாங்கலாம். பூட்டைப் போட்டு வெளியே தள்ளிவிட்டால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உடைமையைத் திரும்பக் கேட்கலாம். எங்கள் கட்சிக்காரர்களிடமும் இதையே சொல்கிறோம், கேட்பவர்கள் குறைவு. காலி செய்ய வைக்கும் வேலை போலீஸுக்கும் கிடையாது. அவர்கள் கூப்பிட்டு "எழுதிக் கொடு" என்றால், மனநிலை சரியில்லாத நேரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால், அந்த நாளில் நிலை எப்படி இருந்தது என்பதற்கான மருத்துவப் பதிவை எடுத்து வையுங்கள். விஷயம் புரியாத நிலையில் போட்ட ஒப்பந்தம் செல்லாது.

நிலவேம்பு:

எல்லோருக்கும் நன்றி. டிராக்கிங்கில் 6-ஆம் தேதி டெலிவரி என்று காட்டுகிறது, இன்றைக்கு 27. அண்ணனால் இப்போதைக்கு 30,000-தான் புரட்ட முடிகிறது. மீதி 15,000-ஐ அட்வான்ஸில் கழிக்க வீட்டுக்காரர் போனில் "பார்க்கலாம்" என்கிறார்.

கறுப்புக்கோட்டு:

அப்படியானால் அடுத்த மாதம் 6-ஆம் தேதி கடைசி. "பார்க்கலாம்" என்பதை நம்பி 30,000-ஐ மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பணமும் போய், பாதுகாப்பும் கிடைக்காமல் போகும். இன்றே அவருடைய வக்கீல் மூலம் ஒரு வரி வாங்கப் பாருங்கள்: "அட்வான்ஸில் 15,000 கழித்துக்கொள்கிறேன், 30,000 பெற்றதும் பாக்கி தீர்ந்தது." வட்டி கேட்டிருந்தால் அதுவும் இதில் அடங்கியதாக எழுதட்டும். வாட்ஸப்பில் வந்தாலும் பரவாயில்லை, ஆனால் தொகை, மாதம் இரண்டும் இருக்க வேண்டும். மூன்று நாளில் அது வராவிட்டால் மீதியை வெளியே புரட்டுவதைத் தவிர வழியில்லை. கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். டெபாசிட் மனுவுக்கு வக்காலத்து (வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் தாள்), நோட்டீஸ் நகல், கணக்குத் தாள் எல்லாம் தயாராக இரண்டு வேலை நாள் பிடிக்கும். வக்காலத்தில் கையெழுத்து குடியிருப்பவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அதனால் காலை மருந்து போட்டுக் கொஞ்சம் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.