மின்சுற்று சிமுலேஷன்: பென்டிரைவில் தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் சேர்மார், டீச்சர்மார். நான் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் அம்பியர்மானி இரண்டுதான் இருக்கிறது. அதில் ஒன்றின் முள் பூச்சியத்தை விட்டு அசையாது.

போன கிழமை என் மடிக்கணினியில் ஃபெட் (PhET) என்ற, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் சிமுலேஷன் தொகுப்பிலிருந்து மின்சுற்று சிமுலேஷனைத் திறந்து காட்டினேன். (ஃபெட், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது, இலவசம்.) ஒரு பிள்ளை மின்குமிழே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டாள். திரையில் மின்கலம் தீப்பற்றி எரிந்தது! குறுஞ்சுற்றை நான் 3 வருடமாகக் கரும்பலகையில் கீறி விளக்கியும் வராத "ஆ..." அன்றைக்குத்தான் வந்தது. அதற்காக உண்மையான செயன்முறையைக் கைவிடப் போவதில்லை. சூடாகும் கம்பியைத் திரையில் தொட்டுப் பார்க்க முடியாதே.

சிக்கல் என்னவென்றால், கணினி அறையில் 6 கணினிகள், இணையம் இல்லை. யாரோ முன்பு ஏற்றி வைத்த பழைய ஜாவா பதிப்புகள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. இணையம் இல்லாமல் பிரவுசரில் ஓடும் புதிய எச்டிஎம்எல் கோப்புகளை, முக்கியமாகத் தமிழில் உள்ளவற்றை, யாராவது இறக்கி வைத்திருக்கிறீர்களா? அதிலுள்ள சொற்கள் நம் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா? ஓமின் விதிக்குச் செயலட்டை தயாரித்தவர்கள் இருந்தால் அதையும் தாருங்கள்.

மட்டக்களப்பு டவுனில் இருப்பவர்கள் என்றால் சனிக்கிழமை நானே மண்முனைப் பாலம் தாண்டி வந்து வாங்கிக்கொள்கிறேன்.