முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டுமா?

பயிற்சி_மருத்துவர்:
மனநலப் பிரிவில் சேர்ந்து 3 மாதம் ஆகிறது. நேற்று 20 வயதுப் பையன் ஒருவன் அம்மாவுடன் வந்தான். நான் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார். அவன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன எழுதுறீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். படிவத்தை மூடிவைத்தேன், அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னேன். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினான். படிவத்தில் பாதி காலி. மூத்த மருத்துவரிடம் நல்ல திட்டு. நம்பிக்கை வந்த பிறகுதான் கேள்வி என்கிறேன் நான். தவறா?

மனநல_மருத்துவர்:
திட்டியவர் பக்கம்தான் நான். காலியாக விட்ட பாதியில் என்னென்ன இருந்தன? தூக்கம், குடி, சாப்பிடும் மருந்துகள், தற்கொலை எண்ணம்? தைராய்டு குறைந்தவர்கூட மனச்சோர்வு மாதிரியே வந்து உட்காருவார். மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 பட்டியலில் கேள்விகள் வெறும் 9. கடைசிக் கேள்வியே, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ கடந்த 2 வாரத்தில் தோன்றியதா என்பதுதான். அதைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த தடவை வருவான் என்பதற்கு என்ன நிச்சயம்?

இரவுப்பணி_செவிலி:
டாக்டர், படிவம் நிரம்பிவிட்டால் உண்மை வந்துவிட்டதாக ஆகாது. "தற்கொலை எண்ணம் எதுவும் இல்லைதானே?" என்று தலை நிமிராமல் கேட்டால் யாராக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அப்படி 'இல்லை' என்று குறித்திருந்த ஒரு அம்மா, ராத்திரி மாத்திரை கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். நான் கேள்வியே கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். 1984இல் வந்த ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியிலேயே மருத்துவர் குறுக்கிட்டிருந்தார்.

மனநல_மருத்துவர்:
அது பொது மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு. சரி, அந்த 'தானே' தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்ட விதம் தப்பு என்பதற்காகக் கேள்வியையே தள்ளிப்போடக் கூடாது. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. "இவ்வளவு கஷ்டத்தில் வாழ்ந்து என்ன பயன் என்று சிலருக்குத் தோன்றும், உங்களுக்கு?" என்று ஆரம்பிக்கலாம். ஆமாம் என்றால் திட்டம் இருக்கிறதா, கைக்கெட்டும் வழி இருக்கிறதா என்று போக வேண்டும்.

எதிர்_நாற்காலி:
நான் நோயாளியாக உட்கார்ந்தவன். முதல் மருத்துவர், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்றார். மறுநாள் வீடு முழுக்கத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டார் ஒட்டுக் கேட்கிறார்கள், அவர்கள் சத்தம் எனக்குக் கேட்கிறது என்று அப்போது உறுதியாக நம்பினேன். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் வாதாடினார். அண்ணனோ என்னைச் சமாதானப்படுத்த ஆமாம் போட்டான். இரண்டு பேர்மேலும் நம்பிக்கை போயிற்று. அடுத்து பார்த்தவர், "எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி பூராவும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தால் எவ்வளவு களைப்பாக இருக்கும்" என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மற்றவரிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன் என்று முதலிலேயே சொன்னார். அவரும் எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பயிற்சி_மருத்துவர்:
என்ன எழுதுறீங்க என்று அவன் கேட்டான். நான் பதில் சொல்லாமல் மூடிவைத்தேன். இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த வாரம்தான் வருகிறான். அந்த 9ஆவது கேள்வி?

மனநல_மருத்துவர்:
அடுத்த வாரம்வரை விடாதீர்கள். இன்றே கூப்பிடுங்கள்.

இரவுப்பணி_செவிலி:
கூப்பிடுங்கள், ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் கேட்க வேண்டாம். அம்மா பக்கத்தில் இருந்தால் இல்லை என்றுதான் சொல்வான். தனியாகப் பேச முடியுமா என்று முதலில் கேளுங்கள். நேற்று எழுதியது என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள்.