மரபணுப் பட்டைக்குறியீடா, இனங்காண் கீற்றா?

வணக்கம். ஓர் உயிர் எந்த இனம் என்று கண்டுகொள்ள வாசிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுதான் டி.என்.ஏ. பார்கோடு. அதற்கு 'மரபணுப் பட்டைக்குறியீடு' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் புரிகிறது, சரி. ஆனாலும் அதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹீபர்ட் குழு விலங்குகளுக்காக முன்வைத்தது, செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியாவின் சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. முழு மரபணுகூட இல்லை. செடிகளில் அந்தத் துண்டு மிக மெதுவாக மாறுவதால், பல நாட்டுத் தாவரவியலாளர்கள் கூடி 2009இல் பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்திலிருந்து இரண்டு பகுதிகளைத் தேர்ந்தார்கள். பூஞ்சைகளுக்கு 2012இல் ஏற்ற ஐ.டி.எஸ். பகுதியில் பெரும்பங்கு, மரபணுக்களுக்கு நடுவே கிடக்கும் இடைவெளி. அதை எப்படி 'மரபணு' என்பது?

'பட்டைக்குறியீடு' அதைவிட உறுத்துகிறது. சோப்பு உறையில் உள்ள கோடுகள் நாம் அச்சடித்தவை. இங்கே யாரும் எதையும் ஒட்டவில்லை, உயிருக்குள் இருப்பதை வாசிக்கிறோம். கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தேயில் ஒரு வண்ணத்துப்பூச்சியை ஒரே இனம் என்றே நினைத்திருந்தார்கள். பெயர் வைத்தது 1775இல். வளர்ந்த பூச்சிகள் ஒன்றுபோலவே இருக்கும். புழுக்களின் நிறமும் அவை தின்னும் இலையும்தான் வேறு. ஹீபர்ட் குழுவினர் அந்த சி.ஓ.ஐ. துண்டை வாசித்து, புழுக்களின் விவரத்தோடு சேர்த்துப் பார்த்து, அதற்குள் பத்து இனங்கள் இருப்பதாக 2004இல் எழுதினார்கள். எனக்கு இன்னமும் வியப்பு தரும் செய்தி இது.

என் பரிந்துரை 'இனங்காண் கீற்று'. மாங்காயைக் கீற்றுப் போடுகிறோம், அது துண்டு. நெற்றியில் திருநீற்றுக் கீற்று, அது கோடு, ஆளுக்கு அடையாளமும்கூட. நமக்கு வேண்டிய இரண்டு பொருளும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. 'சிற்றினக் கீற்று' என்று வைக்கலாமே என்றால், தமிழ்நாட்டுப் பாடநூலில் சிற்றினம் என்பதை இலங்கைப் பாடநூல் இனம் என்கிறது. 'இனங்காணுதல்' இரண்டு இடத்திலும் பழகிய வினை.

இந்தக் கீற்றுகளைத் திரட்ட 2010இல் தொடங்கிய பன்னாட்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளில் ஐந்து லட்சம் இனங்களை இலக்காக வைத்தது. எல்லா நாட்டு ஆய்வகமும் அதே கீற்றை வாசித்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். கீற்றை வாசித்துப் பதியும் அந்தச் செயலை 'கீற்றுப்பதிவு' என்போம். அப்புறம், ஒரு குவளை ஆற்றுநீரில் கலந்துள்ள பல உயிர்களை ஒரே நேரத்தில் வாசிக்கும் மெட்டாபார்கோடிங்குக்கு 'திரள் கீற்றாய்வு' பொருந்துமா? 'திரள்' எனக்கு முழு நிறைவு தரவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.