ஷவர் ஹீட்டர் இரண்டு நிமிடம் சுட்டுவிட்டு நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி – கோண்டாவில், யாழ்ப்பாணம்

வணக்கம். குளியலறையில் 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் பூட்டி நாலு வருசம். இந்த மார்கழி தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் நன்றாகச் சுடுகிறது, பிறகு பச்சைத்தண்ணி வருகிறது, கொஞ்சம் பொறுத்தால் திரும்பவும் சுடுகிறது. காலையில் மோட்டர் போட்டுத் தாங்கி நிரம்பிய கையோடு குளித்தால் அவ்வளவு பிரச்சினை இல்லை. பின்னேரம்தான் மோசம். அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. நேற்று பாதிக் குளிப்பில் தண்ணீர் குளிர்ந்து நடுங்கிப் போனா. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பதில் – சுன்னாகம்

எலிமென்ட் (உள்ளே தண்ணீரைச் சுட வைக்கும் கம்பி) போயிருக்கும். புதிதாக ஒன்று வாங்குங்கோ.

பதில் – திருநெல்வேலி

தங்கச்சி, அவசரப்பட்டு வாங்க வேண்டாம். எலிமென்ட் எரிந்தால் பெரும்பாலும் சுடவே சுடாது, இப்படி விட்டு விட்டுச் சுடாது. பின்னேரம் மோசம் என்றீர்களே, அதுதான் முக்கியம். தாங்கியில் தண்ணீர் இறங்க அழுத்தமும் இறங்கும். 10 மீற்றர் உயரத்துக்குத்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். எங்கள் வீடுகளில் தாங்கி ஷவருக்கு இரண்டு மூன்று மீற்றர் மேலேதான் இருக்கும்.

தண்ணீர் குறைவாக ஓடினால் அதே 3.5 கிலோவாட் சூடு கொஞ்சத் தண்ணீரில் ஏறும். நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓடினால் 25 பாகை கூடும், 1.4 லீற்றர் என்றால் 35 பாகைக்கு மேல். 28 பாகையில் உள்ளே போவது 60-ஐத் தாண்டி வரும். அப்போது உள்ளே இருக்கும் கட்அவுட் கரண்டை நிறுத்தும், ஆறியதும் திரும்ப விடும். உங்கள் அம்மாவின் தோல் வெந்துவிடாமல் காப்பதும் அதுதான். அதை நேராக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விடவே கூடாது.

ஒரு 10 லீற்றர் வாளியை ஷவருக்குக் கீழே வைத்து எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கோ. ஹீட்டர் எந்தப் பிளக்கில் ஓடுகிறது என்பதையும் சொல்லுங்கோ.

பதில் – ரொறன்ரோ, ஊர் மானிப்பாய்

அண்ணை சொல்வது சரி. இங்கே எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் போன குளிருக்கு இதே மாதிரித்தான், பத்து நிமிடம் சூடு, பிறகு வெறும் குளிர்காற்று. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தது. காற்று ஓடாததால் உள்ளே சூடு மிஞ்சி லிமிட் சுவிட்ச் நெருப்பை நிறுத்தியது. வடிகட்டியை மாற்றியதோடு சரியாகிவிட்டது.

கேட்டவர்

வாளி நிரம்ப ஏழு நிமிடம். பிளக் சாதாரண 13 அம்பியர் பிளக்.

பதில் – திருநெல்வேலி

7 நிமிடம் என்றால் 1.4 லீற்றர்தான். எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருகிறது. உங்கள் கேத்தலுக்குள் இருக்கிற வெள்ளைப் படை ஷவர் தலைக்குள்ளும் இருக்கும். மெயின் சுவிட்சை நிறுத்தி, தண்ணீரையும் பூட்டி, ஷவர் தலையைக் கழற்றி வினாகிரியில் ஊற வையுங்கோ. தேசிக்காய்ப் புளியும் சரி. தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் சின்ன வலை இருக்கும், அதையும் கழுவுங்கோ.

ஆனால் அந்தப் பிளக் எனக்குப் பயம் தருகிறது. 3500 வாட் 230 வோல்ட்டில் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும், 13 அம்பியர் பிளக் தாங்காது. பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கோ. தனி வயர், தனி பிரேக்கர் போடாமல் அம்மாவை அதில் குளிக்க விடாதீர்கள்.

கேட்டவர்

அண்ணை, வலையில் மணலும் சுண்ணாம்பும் அரைக் கரண்டி இருந்தது. ஷவர் தலை இரவு முழுக்க ஊறியது. இப்போது அதே வாளி நாலு நிமிடத்தில் நிரம்புகிறது. பிளக்கின் ஒரு கால் பழுப்பாகிப் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகியிருந்தது. பார்த்ததும் கை நடுங்கியது. கழற்றி வைத்துவிட்டேன். சனிக்கிழமை வயரிங் செய்பவர் வருகிறார். அதுவரைக்கும் அம்மாவுக்கு அடுப்பில்தான் தண்ணீர் சுட வைக்கிறேன்.