மறு: ஆர்கன் சார் நினைவுக் கல் வசூல்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு ஸ்தோத்திரம்.

நம் கோயிலில் ஆர்கன் வாசித்த ஆர்கன் சாருக்குப் பளிங்குக் கல்லும் மார்பளவுச் சிலையும் வைக்க வீட்டுக்கு ஐயாயிரம் என்று நம்ம சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார்கள். பணம் தருகிறேன், கல்லுக்குத் தரமாட்டேன்.

அசன விருந்துக்குப் போன எங்க மைனி, கோயில் பக்க அறையான வெஸ்திரியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆர்கன் மேல் கிறிஸ்மஸ் ஸ்டாரின் மூங்கில் சட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. துருத்தியை எலி கடித்திருக்கிறது. காற்று இழுக்காமல் பித்தளை ரீடு எப்படிப் பேசும்? அதையாவது ஆள் பிடித்துச் சரிசெய்துவிடலாம். பெஞ்சுக்கடியில் டிரங்குப் பெட்டியில் சார் கைப்பட எழுதிய மெட்டு நோட்டுகள் இருக்கின்றன. மேல் நோட்டில் கரையான். அறுப்பின் பண்டிகைக்கு அவர்கள் கட்டிய பாட்டில் பல்லவி மட்டும் மிச்சம், சரணம் எல்லாம் மண்.

பாமாலைக்கு வெள்ளைக்காரன் மெட்டு, நாலு குரல். கீர்த்தனைக்கு நம்ம ராகம். இரண்டையும் ஒரே பெட்டியில் வாசிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சங்கராபரணம் மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போகும், சமாளிக்கலாம். ஆனந்தபைரவியை என்ன செய்ய? கட்டையை அமுக்கினால் ஸ்வரம் நிற்கும், வளையாது. சார் இடது கையில் ஷட்ஜமும் பஞ்சமமும் பிடித்துக்கொண்டு வலது கையை எடுத்துவிடுவார்கள். வளைவு நெளிவெல்லாம் சபையார் தொண்டையில் வரும். கரையிருப்பில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் கிருஷ்ணபிள்ளையின் ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாடுமுன் சார் வாசிக்கும் முன்னிசையை வேறு எந்தக் கோயிலிலும் நான் கேட்டதில்லை. அது எந்த நோட்டில் இருக்கிறதோ!

பனையேறிவிட்டு வந்தவர்களுக்கு ஐந்து கோட்டு நோட்டேஷன் தெரியாது. கரும்பலகையில் ஸ்வரங்களை வெறும் எழுத்தால் குறிக்கும் டானிக் சால்ஃபா முறையில் எழுதிப்போட்டு அவர்களை அடிக்குரலான பேஸ் பாடவைத்தது சார்தான். எங்க அப்பாவும் அந்த வரிசைதான். அப்பா சுருதி விலகிப் பாடுவார்கள் என்று போன மடலில் எழுதிய வடக்குத் தெரு அண்ணாச்சி, அப்பா யாருக்கு ஜாமீன் நின்றார்கள் என்று தன் வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும்.

பக்கத்து ஊரில் சிலை இருக்கிறது, நமக்கு என்ன குறைச்சல் என்கிறார்கள் டொராண்டோ சித்தப்பா. சித்தப்பா, பக்கத்து ஊருக்குச் சொந்த மெட்டு இருக்கிறதா? 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் பாட்டு இன்றைக்கும் நம் வாயில் வருகிறது. எழுதி வைத்தார்கள், அச்சடித்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடிக் கொடுத்தார்கள். சாருக்கும் அதைச் செய்வோம். நோட்டுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுக்கணும். சாரின் மகளிடம் முறைப்படி அனுமதி கேட்கணும். அடக்க ஆராதனை மெட்டு எந்த நோட்டிலும் இல்லை என்கிறார்கள் மைனி. அது மேல்குரல் சோப்ரானோ பாடும் பெரியம்மாமார் இரண்டு பேருக்குத்தான் முழுசாகத் தெரியும், இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. கிறிஸ்மஸ் லீவில் பதிவு செய்தே ஆகணும்.

— துபாயிலிருந்து, கீழத்தெரு வாத்தியார் வீட்டுச் சின்னவன்

தம்பிக்கு,

மணிக்கூண்டு வசூலில் மிச்சம் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது என்று மூன்று மடலில் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. அந்தக் கணக்கு வராமல் கல்லுக்கும் தரமாட்டேன், ஸ்கேனுக்கும் சங்கத்து வழியாகத் தரமாட்டேன். நீ சொன்ன காரியம் நியாயம். ரிக்கார்டிங் செலவை நேரே உனக்கு அனுப்புகிறேன், பில்லைப் பத்திரமாக வை. கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் போனில் பேசிவிட்டேன். நோட்டுகளை இன்றைக்கே வெளியே எடுத்து, கரையான் தின்றதைத் தனியாகப் பிரித்து, நிழலில் உலர்த்தி, போதகர் மனைவி ஐயரம்மாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கொடுத்தாரா என்று மைனியை விட்டு விசாரி.

— சென்னை மாமா